நம் ஊர்க்காரர்கள் அரசியலில் எங்கே நிற்கிறார்கள்: இடது–வலது கோடு ஏன் போதாது, எப்படி அளப்பது?

கேள்வி இதுதான்: தருமபுரியில் 140 உறுப்பினர் கொண்ட ஒரு வாசகர் வட்டம். ஆசிரியர்கள், விவசாயிகள், ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்ததில் பெரும்பாலோர் நடுவில் வந்து நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தால் நடுநிலைக்காரர்கள் மாதிரித் தெரியவில்லை. எங்கே தவறு, எப்படிச் சரியாகச் செய்வது?

உறுப்பினர்களிடம் தவறில்லை. நீங்கள் அவர்களை நிறுத்திய கோட்டில்தான் தவறு.

இடது, வலது என்ற பேச்சு 1789-இல் பிரெஞ்சு தேசிய அவையில் பிறந்தது. அரசருக்குத் தடுப்பதிகாரம் இருக்கலாம் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு கேள்வி, அதற்கு இரண்டே பதில். அதனால் ஒரு கோடு போதுமாக இருந்தது. நம் ஊரில் அந்தச் சொற்களுக்கு வேறு பொருளும் ஏறியிருக்கிறது. 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்த பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ‘வலது’ என்றும் மார்க்சிஸ்ட் கட்சியை ‘இடது’ என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. தளி போல இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்திருக்கிற தொகுதியில் ஒரு பெரியவரிடம் “நீங்க இடதா, வலதா?” என்று கேட்டால் அவர் ‘வலது’ என்று சொல்லக்கூடும். அவர் சொன்னது சரி. உங்கள் தாளில் அது தலைகீழாகப் பதிவாகும். இளையவர்களிடம் ‘இடதுசாரி’ என்றால் கட்சிக்காரர், ‘வலதுசாரி’ என்றால் ஏறக்குறைய வசை. தன்னை வலதுசாரி என்று தானே எழுதிக்கொள்ள மிகச் சிலரே முன்வருவார்கள்.

ஒரு கோடு ஏன் உடைகிறது என்று பார்க்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு அரசு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துவதை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். பொருளாதாரத்தில் தெளிவான வலது. அவரே 1937-இல் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார் (இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்). சந்தையில் அரசு வேண்டாம் என்றவர் குடிப்பதில் அரசு தலையிடலாம் என்றார். ஆலயப் பிரவேசத்துக்கு 1939-இல் சட்டப் பாதுகாப்புத் தந்தவரும் அவர்தான். 1953-இல் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அரைநாள் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே கை பிற்காலத்தில் இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்து எழுதியது. 1967-இல் தி.மு.க.வோடு கூட்டணி. இவ்வளவையும் கூட்டி சராசரி எடுத்தால் ராஜாஜி நடுவில் நிற்பார். அவரை நடுநிலையாளர் என்று யாராவது ஒப்புவார்களா? உங்கள் உறுப்பினர்களுக்கு நடந்ததும் இதேதான்.

கட்சியை வைத்துக் கணித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தருமபுரி மக்களவைத் தொகுதி 2014-இல் பா.ஜ.க. கூட்டணியில் நின்ற பா.ம.க.வைத் தேர்ந்தெடுத்தது; 2019-இல் தி.மு.க.வை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க.–பா.ம.க. கூட்டணிக்குப் போயின. 2024 மக்களவையில் மறுபடி தி.மு.க., சுமார் 21,000 வாக்கு வித்தியாசத்தில். பத்தாண்டில் ஒரு மாவட்டத்து மக்களின் கொள்கை மூன்று முறை புரண்டுவிடாது. வேட்பாளர், சாதிக் கணக்கு, கூட்டணி, அந்த ஆண்டின் கோபம் எல்லாம் சேர்ந்தது வாக்கு. வாக்கைக் கேட்பதானால் தனியாகக் கேளுங்கள், கொள்கையோடு கலக்காதீர்கள்.

மொழிபெயர்த்த கேள்வித்தாள்களின் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பெயர்பெற்ற ‘பொலிட்டிகல் காம்பஸ்’ தேர்வில் 62 வாக்கியங்கள். நடுப் பதில் கிடையாது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அதில் வரும் கருக்கலைப்பு போன்ற கேள்விகள் மேல்நாட்டில் கட்சிகளைப் பிரிக்கும். இங்கே 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை வைத்து எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்பதில்லை. இங்கே பிரிக்கும் விஷயங்களோ, சாதி, மாநில உரிமை, மொழி, அதில் ஏறக்குறைய இல்லை. இந்திய வாக்காளர்களை ஆராய்ந்த பிரதீப் சிப்பர், ராகுல் வர்மா இருவரும் 2018-இல் வைத்த வாதம் உங்களுக்கு உதவும்: இந்தியாவில் கருத்துப் பிளவு இரண்டு கேள்விகளில் ஓடுகிறது. அரசு சமூகத்துக்குள் எவ்வளவு தலையிடலாம் என்பது ஒன்று. பின்தங்கியவர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்ய வேண்டுமா என்பது மற்றொன்று.

நம் பகுதிக்கு அதையே இன்னும் பிரித்து ஐந்து அச்சாக, அதாவது ஐந்து தனித்தனிக் கோடுகளாக, வைத்துக்கொள்ளச் சொல்வேன்: அரசும் சந்தையும், சாதி, மதமும் அரசும், டெல்லியும் சென்னையும், அதிகாரமும் தனிமனிதரும். அச்சுக்கு ஆறு வாக்கியம், மொத்தம் 30. நிதானமாக நிரப்பினால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதற்கு மேல் நீட்டினால் கடைசிப் பக்கத்தில் படிக்காமலே டிக் அடிப்பார்கள்.

முதல் இரண்டு அச்சுகளையும் ஒன்றாக்கிவிடும் ஆசை வரும்; ஏழைக்காகப் பேசுகிறவர் சாதியிலும் சமத்துவம் பேசுவார் என்று. வேண்டாம். நாயக்கன்கொட்டாய் பகுதியில் நக்சல்பாரி இயக்கத்தின் அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே பகுதியில்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. கூலிக்காகவும் நிலத்துக்காகவும் ஒரு காலத்தில் எழுந்த ஊர் சாதி என்று வரும்போது வேறு ஊராக இருக்க முடியும். இந்த மாவட்டத்தில் இதை மறந்து செய்யும் எந்தக் கணக்கெடுப்பும் பொய்யைத்தான் தரும்.

இனி வாக்கியம் எழுதுவது. வேலையில் முக்கால் பங்கு இங்கேதான்.

பொருளாதார அச்சுக்கு “அரசு ஏழைகளுக்கு உதவ வேண்டும்” என்று எழுதினால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். யாரையும் பிரிக்காத வாக்கியத்தால் பயனில்லை. அவரவர் கைக்காசு தொடும் இடத்தில் கேளுங்கள். “மாங்கூழ் ஆலைகள் மாங்காய்க்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை அரசே நிர்ணயிக்க வேண்டும்.” “நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை; சாகுபடிக் காலத்தில் அதை நிறுத்த வேண்டும்.” கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புக்காரர் முதல் வாக்கியத்துக்கு இடதிலும் இரண்டாவதுக்கு வலதிலும் நிற்பார். இரண்டும் இல்லாமல் விலையைப் பற்றி மட்டும் ஆறு வாக்கியம் வைத்தால் நீங்கள் அளப்பது கொள்கை ஆகாது, யாருக்குத் தோப்பு இருக்கிறது என்பதைத்தான். மூன்றாவதாக ஓசூர்: “சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிரந்தரமாக்கச் சட்டம் வேண்டும்.” விவசாயி, கூலிக்காரர், ஆலைத் தொழிலாளி மூவரின் நலனும் வாக்கியங்களில் கலந்திருக்க வேண்டும்.

சாதி அச்சில் “இட ஒதுக்கீடு தேவையா?” என்பது வீண் கேள்வி. 69 சதவீத மாநிலத்தில் தேவையில்லை என்று எழுதுகிறவர் மிகக் குறைவு. பிரியும் இடங்கள் வேறு: உள் ஒதுக்கீடு, 2019-இல் வந்த பொருளாதார அடிப்படையிலான 10 சதவீதம், கலப்பு மணம், பொதுச் சுடுகாடு, எல்லாச் சாதியினரும் அர்ச்சகராவது. ஆனால் இங்கே வேறொரு பிரச்சினை வரும். எது ‘நல்ல பதில்’ என்று எல்லாருக்கும் தெரியும்; அதையே எழுதுவார்கள். வாக்கியத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து, அதை நம்புகிறவர் வெட்கமின்றிச் சொல்லும் சொற்களில் எழுதிப் பாருங்கள்: “ஊர்க் கட்டுப்பாட்டை மீறித் திருமணம் செய்தவர்களோடு உறவு வேண்டாம் என்று முடிவெடுக்க ஊருக்கு உரிமை உண்டு.” கூடவே, “உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேர் இதை ஒப்புவார்கள்?” என்று ஒரு துணைக் கேள்வி. தன் பதிலில் ஒப்பவில்லை என்றவர் தெருவில் எட்டுப் பேர் ஒப்புவார்கள் என்று எழுதினால், அந்த இடைவெளியே உங்களுக்குத் தகவல்.

டெல்லி–சென்னை அச்சில் சொல்லே கட்சியைச் சொல்லிவிடும். ‘ஒன்றிய அரசு’ என்றால் ஒரு அணி, ‘மத்திய அரசு’ என்றால் மற்ற அணி என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ‘இந்திய அரசு’ என்று எழுதுங்கள். ‘இந்தித் திணிப்பு’ வேண்டாம். “மூன்றாவது மொழியாக இந்தியைப் பள்ளியில் கட்டாயமாக்கலாம்” என்று செய்தியை மட்டும் சொல்லுங்கள். ‘இலவசம்’, ‘நலத்திட்டம்’ இரண்டுமே சாய்ந்த சொற்கள். “பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம்” என்று திட்டத்தையே குறிப்பிடுங்கள். மொழி விஷயத்தில் நம் எல்லைக்கே உரிய ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: “ஓசூர், தளிப் பகுதியில் தெலுங்கு, கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும்.” தமிழ் கற்பித்தல் சட்டம் 2006-இல் வந்ததிலிருந்து அங்கே இது பேசப்படும் விஷயம். இந்தி கட்டாயம் கூடாது என்பவர் தமிழ் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்வார். அதில் முரண் இல்லை. அவர் காக்க நினைப்பது மாநிலத்தின் உரிமையை. இரண்டையும் எதிர்ப்பவர் காக்க நினைப்பது தாய்மொழியின் உரிமையை. இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இருவரும் ஒரே புள்ளியில் விழுந்துவிடுவார்கள்.

மத அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்தியை அளக்காதீர்கள், அரசு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் கேளுங்கள். கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையிடம் இருக்கலாமா என்பது நன்றாகப் பிரிக்கும்.

அதிகார அச்சில் “காவல்துறைக்கும் வனத்துறைக்கும் கூடுதல் அதிகாரம் வேண்டும்” என்ற வாக்கியம் அரூர்ப் பக்கம் வெறும் கருத்துக் கேள்வியாக இருக்காது. வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20-இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய வன்முறைக்கு 2011-இல்தான் 215 அரசு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை 2023-இல் உறுதி செய்தது. சித்தேரி மலையடிவாரத்து உறுப்பினர் தரும் ‘வேண்டாம்’ அனுபவத்திலிருந்து வருவது. அதனால் காவல்துறை, வனத்துறை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பூட்டாமல் தனித்தனியாகக் கேளுங்கள்.

இது எல்லா அச்சுக்கும் பொருந்தும்: ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். “டாஸ்மாக்கை மூடி, இழப்பைப் பணக்காரர்களின் வரியால் ஈடுகட்ட வேண்டும்” என்றால் முதல் பாதியை ஒப்பி இரண்டாம் பாதியை மறுப்பவர் என்ன செய்வார்? நடுவில் டிக் அடிப்பார். “தேவையில்லை என்பதை ஏற்கவில்லை” போன்ற இரட்டை எதிர்மறையும் அதே விளைவைத் தரும். உங்கள் பழைய தாளில் நடுக் கூட்டம் சேர்ந்ததற்கு இது பெரிய காரணமாக இருந்திருக்கும்.

பதிலுக்கு ஐந்து கட்டம்: முழுக்க ஒப்புகிறேன், ஒப்புகிறேன், இரண்டும் இல்லை, மறுக்கிறேன், முழுக்க மறுக்கிறேன். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் தொடங்கிய முறை இது. இவற்றைத் தள்ளி, தனியாக ஆறாவது கட்டம் ஒன்று: ‘இதைப் பற்றி யோசித்ததில்லை’. இதை விட்டுவிடாதீர்கள். கருத்தே இல்லாத விஷயத்திலும் மக்கள் மரியாதைக்காக ஏதோ ஒரு பதில் தருவார்கள், அடுத்த முறை கேட்டால் வேறு பதில் தருவார்கள் என்று பிலிப் கான்வர்ஸ் 1964-இலேயே காட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு அச்சிலும் மூன்று வாக்கியம் ஒரு பக்கம் சாய்ந்தும், மூன்று எதிர்ப்பக்கம் சாய்ந்தும் இருக்கட்டும். அச்சுகளைக் கலைத்துப் போடுங்கள். சாதி, மத வாக்கியங்கள் முதல் பக்கத்தில் வேண்டாம். மாங்காய் விலை, பேருந்து, குடிநீர் என்று தொடங்கினால் கை இளகும். “0 முதல் 10 வரை உங்களை எங்கே வைப்பீர்கள்?” என்ற இடது–வலது சுயமதிப்பீட்டை ஆசைக்கு ஒன்று கேட்பதானால் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் மற்ற 30 பதிலும் அதற்கேற்ப வளையும்.

அச்சடிக்கும் முன் எட்டுப் பத்துப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இருவருக்கு மேல் வேறு பொருளில் சொன்னால் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். பள்ளி ஆசிரியர்களிடம் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு எந்த வாக்கியமும் புரியும்.

தாள் வாங்கும் முறை. பெயர் வேண்டாம், டிக் மட்டும், எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா, பூட்டிய பெட்டி. வாக்கைக் கேட்பதென்றால் அதைத் தனிச் சீட்டில் வைத்து, தேர்தல் ஆய்வுகளில் லோக்நீதி அமைப்பு செய்வதுபோல் மாதிரி வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் தாள் வசூலிக்கக் கூடாது. ஊரில் எந்தச் சாதி என்று எல்லாரும் அறிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டாலும் பதில் மாறும். அதனால் யாரும் வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். எழுத்துத் தடுமாறும் உறுப்பினருக்கு, வாக்கியங்களைப் பதிவுசெய்த ஒலியைக் கேட்கவைத்து அவரே டிக் அடிக்கும்படி செய்யலாம்.

பதிலளிப்பவரின் சாதியைக் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வுக்கு அது இழப்புதான். ஆனால் 140 பேரில் சாதி, வயது, ஊர் மூன்றும் தெரிந்தால் பெயரே தெரிந்த மாதிரி. வயதை 30-க்குள், 31–50, 50-க்கு மேல் என்று மூன்று பிரிவாகவும், நகரம் அல்லது கிராமம் என்றும் மட்டும் கேளுங்கள். எந்தப் பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கிறார்களோ அதன் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள்.

மதிப்பெண்: முழுக்க ஒப்புதல் +2, முழுக்க மறுப்பு −2, இடையில் +1, 0, −1. எதிர்ப்பக்க வாக்கியங்களுக்குக் குறியை மாற்றுங்கள். ஒரு அச்சில் −12 முதல் +12 வரை வரும். ‘யோசித்ததில்லை’க்கு 0 போடாதீர்கள், வெற்றாக விடுங்கள், ஓர் அச்சில் மூன்றுக்கு மேல் வெற்றானால் அவருக்கு அந்த அச்சே இல்லை என்று வையுங்கள்.

இப்போது உங்கள் ‘நடு’ப் பிரச்சினைக்கு வருவோம். கூட்டுத்தொகை 0 வந்த மூவரைப் பாருங்கள். முதலாமவர் ஆறிலும் ‘இரண்டும் இல்லை’. இரண்டாமவர் குறி மாற்றிய பின் +2, −2, +2, −2, +2, −2. மூன்றாமவருக்கும் மூன்று +2, மூன்று −2தான், ஆனால் அவை விழுந்த வாக்கியங்கள் வேறு; குறி மாற்றும் முன் பார்த்தால் ஆறுமே +2; அதாவது எதைக் கேட்டாலும் தலையாட்டியவர். முதலாமவர் உண்மையான நடு. இரண்டாமவர் ஒவ்வொரு விஷயத்திலும் அழுத்தமான கருத்துள்ளவர், உங்கள் கூட்டத்தில் சண்டை போடுகிறவர் அவராகத்தான் இருக்கும். மூன்றாமவரின் தாளை அந்த அச்சுக்கு ஒதுக்கிவையுங்கள். பிரித்தறிய வழி: குறியை விட்டுவிட்டு எண்களை மட்டும் கூட்டுங்கள். முதலாமவருக்கு 0, மற்ற இருவருக்கும் 12. பிறகு குறி மாற்றாத தாளைப் பார்த்தால் இரண்டாமவரும் மூன்றாமவரும் பிரிந்துவிடுவார்கள். பழைய தாள்கள் இன்னும் கையில் இருந்தால் இதை அவற்றிலேயே செய்து பார்க்கலாம்.

அடுத்து வாக்கியங்களைச் சலியுங்கள். 90 தாள் வந்திருந்தால், ஓர் அச்சில் மேலே வந்த 22 பேரையும் கீழே வந்த 22 பேரையும் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் இரு கூட்டத்தின் சராசரியைக் கழியுங்கள். வித்தியாசம் 1-க்குக் குறைவு என்றால் அந்த வாக்கியம் அந்த அச்சை அளக்கவில்லை; நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள். ஓர் அச்சில் மூன்று வாக்கியம்கூடத் தேறாவிட்டால், உங்கள் வட்டத்தில் அப்படி ஓர் அச்சே இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதுவும் நேர்மையான கண்டுபிடிப்புதான்.

ஐந்து அச்சையும் கூட்டி ஒரே எண் ஆக்காதீர்கள். வரைபடத் தாளில் இரண்டிரண்டு அச்சாக, ஒருவருக்கு ஒரு புள்ளி வையுங்கள். முதலில் பொருளாதாரமும் சாதியும். புள்ளிகள் மூலைவிட்டமாக வரிசை கட்டினால் அந்த இரண்டும் சேர்ந்து போகின்றன, சிதறினால் தனித்தனி. சராசரியையும் நம்ப வேண்டாம்: 45 பேர் +7-இலும் 45 பேர் −7-இலும் இருந்தால் சராசரி 0, அந்த இடத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

கடைசியாக, வராத தாள்கள். 140-இல் 90 பேர் எழுதி, அதில் 54 பேர் ஒரு வாக்கியத்தை ஒப்பினால் 60 சதவீதம் என்று அறிவிக்கத் தோன்றும். எழுதாத 50 பேரும் மறுப்பவர்கள் என்றால் உண்மை 39 சதவீதம். எல்லாரும் ஒப்புபவர்கள் என்றால் 74. எழுதாமல் போனவர்கள் பெரும்பாலும் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள், அதனால் அவர்கள் மற்றவர்களைப் போலவே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அறிவிப்பில் மூன்று எண்ணையும் போடுங்கள். ‘தருமபுரி மக்கள்’ என்று தலைப்பிடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்திருந்த மாவட்டத்தில் ஒரு வாசகர் வட்டம் மாவட்டத்தின் மாதிரி ஆகாது. எண்களைப் பதிந்து சரிபார்த்த அன்றே, இருவர் முன்னிலையில் தாள்களைக் கிழித்துவிடுங்கள். அப்படிச் செய்யப்போவதைத் தாள் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எழுதத் தயங்கும் அந்த 50 பேரில் சிலராவது அதைக் கேட்ட பிறகு பேனா எடுப்பார்கள்.